பாயிரமும் நிரலக விவரக் கோப்பும்

1. முன்னுரை

நூலொன்றைக் கற்கப் புகுவார்க்கு அந்நூலின் இயல்பை முன்னரே உணர்த்துவது பாயிரம். ஆக்கியோன் யாவன், எந்நூலின் வழிவந்தது, எந்நிலத்தில் வழங்குவது, யாது பெயரிற்று, எவ்வகையான் யாக்கப்பட்டது, எப்பொருளை நுதலியது, கேட்டற்குரியார் யாவர், கேட்டலான் வரும் பயன் யாது என்னும் எட்டினையும் சிறப்புப்பாயிரம் உணர்த்துதல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் உடன்கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என அவரே குறிக்கின்றார். எத்துணை விரிவுடையதாயினும் பாயிரமில்லாதது நூலெனப்படாது என்னும் அளவிற்கு அவ்வாசிரியர் இதனை வற்புறுத்துகின்றார்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஓர் அமைப்பு இன்று கணினித் துறையில் வழங்குகின்றது. அதனை நிரலக விவரக் கோப்பு என்று யாம் ஈண்டுக் குறிப்போம். பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேற்படாத அச்சிறு கோப்பு இன்மையால், திரையிலும் அச்சிலும் தமிழெழுத்துகள் நிலைமாறித் தோன்றும் இடங்கள் உள. ஆதலின் இது கணினி வல்லுநர் மட்டும் அறிந்தமையத்தக்க செய்தியன்று, தமிழாராய்ச்சியாளரும் அறிதற்குரியது. அக்கோப்பின் இயல்பு யாது, அது எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதனால் தமிழுக்கு எய்தும் நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டைத் தமிழர் கணினியை முன்னரே கண்டிருந்தனர் என்று நாட்டுவது எம் கருத்தன்று. இரு துறையினர்க்கும் நேர்ந்த சிக்கல் ஒன்றே. அதற்குக் கண்ட தீர்வுகள் எங்கு ஒத்தும் எங்கு வேறுபட்டும் நிற்கின்றன என்று காண்பதே ஈண்டைக்கு வேண்டுவது.

2. நிரலகமும் ஆக்கக் கருவியும்

கணினிக்கு இடும் கட்டளைகளின் கோவை நிரல் எனப்படும். பல நிரல்களுக்கும் பொதுவாக வேண்டப்படும் கட்டளைகளைத் தனியே தொகுத்து வைத்தது நிரலகம். ஆங்கிலத்தார் இதனை 'லைப்ரரி' என்பர். நூலகம் என்றே தமிழில் வழங்குவாரும் உளர். ஏட்டு நூலகத்தோடு மயங்காமைப் பொருட்டு நிரலகம் என்னும் சொல்லை யாம் ஆள்கின்றோம்.

தமிழெழுத்தைத் திரையில் வரைந்து காட்டும் பணிக்கு இத்தகைய நிரலகம் இன்றியமையாதது. அதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். 'கெ' என்னும் எழுத்தை எழுதுங்கால் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக வரைகின்றோம். ஒருங்குறிக்கு முன்னர்ப் பரவலாக வழங்கிய திஸ்கி என்னும் குறியாக்கம் இக்கட்புல வரிசையையே பின்பற்றிற்று. கொம்பை முன்வைத்தே சேமித்தது. ஒருங்குறியோ ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் வைத்துச் சேமிக்கின்றது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்னும் நம் இலக்கண நெறியோடு இம்முறை இயைவது. ஆயினும், சேமித்த வரிசை வேறு, வரைய வேண்டிய வரிசை வேறு ஆகிவிடுதலின், இடையே நின்று கொம்பை முன்னுக்குக் கொணர்வதும், 'கொ' என்பதன் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இருமருங்கும் நிறுத்துவதும், 'கு', 'கூ' முதலியவற்றிற்குரிய தனிவடிவைத் தேர்வதும் ஆகிய பணிகளை ஒரு நிரலகம் செய்தல் வேண்டும். ஹார்ப்பஸ் என்னும் நிரலகம் இப்பணியைச் செய்கின்றது. பயர்பாக்ஸ், குரோம் முதலிய உலாவிகளும் ஆண்டிராய்டு கைப்பேசிகளும் இதனையே பயன்கொள்கின்றன. லிபர் ஆபீசு என்னும் அலுவலகச் செயலி, 2017-இல் வெளிவந்த 5.3 பதிப்பு முதல் எல்லா வகைக் கணினிகளிலும் இதனையே மேற்கொண்டது.

மனிதர் எழுதிய மூலநிரலைப் பொறிமொழிக்கு மாற்றி, வேண்டிய நிரலகங்களோடு பிணைத்து, உரிய இடத்தில் நிறுவும் பணியை முறைப்படுத்துவது ஆக்கக் கருவி. ஆங்கிலத்தில் 'பில்டு சிஸ்டம்' என்பர். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் 1976-இல் இயற்றிய 'மேக்' இவ்வகையில் முன்னோடி. 2000-இல் வந்த 'சீமேக்', 2013-இல் வந்த 'மீசான்' ஆகியவை இன்று பெருவழக்கின. நிரலகத்தை ஆக்குங்கால் அதனோடு உடன்பிறப்பதாக அதன் விவரக் கோப்பையும் ஆக்கித் தருவது இக்கருவிகளின் கடன்களுள் ஒன்று.

3. விவரக் கோப்பின் உறுப்புகள்

நிரலகம் ஒன்று கணினியில் இருந்தால் மட்டும் போதாது. அது எவ்விடத்தில் உள்ளது, எப்பதிப்பினது, வேறு எந்நிரலகங்களைச் சார்ந்தது, பிணைக்குங்கால் எக்கட்டளை இடல் வேண்டும் என்பனவற்றை அதனைப் பயன்கொள்ள விழைவார் அறிதல் வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு நிரலகமும் இச்செய்திகளை விடுக்கத் தனித்தனிச் சிறு நிரல்களை வைத்திருந்தது. நோம் என்னும் திரைச்சூழல் அமைப்பினர் இந்நிலையை ஒழுங்குபடுத்த முயன்றதன் விளைவாக, 2000-இல் 'பேக்கேஜ்-கான்பிக்' என்னும் பொதுக் கருவி தோன்றிற்று. அது வினவும் வினாக்களுக்கு விடையாக ஒவ்வொரு நிரலகமும் ஒரு சிறு கோப்பை வைக்கும். அக்கோப்பின் பெயர் 'பிசி' என்னும் ஈரெழுத்து ஈற்றினது. மனிதரும் படித்தறியக்கூடிய எளிய எழுத்துக் கோப்பே அது.

அக்கோப்பு இரு பகுதியாக அமையும். முற்பகுதி இடங்களைக் கூறுவது: நிரலகம் நிறுவப்பட்ட தலைமை இடம், பொறிமொழிக் கோப்பின் இடம், தலைக்கோப்புகளின் இடம் என்பன. பிற்பகுதி பண்புகளைக் கூறுவது: பெயர், விளக்கம், பதிப்பு எண், தேவை, அகத்தேவை, முரண், பிணைப்புக் கட்டளை, மொழிமாற்றுக் கட்டளை என்பன. இவற்றுள் பெயர், விளக்கம், பதிப்பு எண் என்னும் மூன்றும் இன்றியமையாதன; ஏனைய வேண்டுழி வருவன.

இவற்றைப் பாயிர உறுப்புகளோடு வைத்து நோக்குவோம். நூற்பெயர்க்குப் பெயரும், நுதலிய பொருளுக்கு விளக்கமும் நேராகின்றன. வழி என்பதற்குத் தேவை நேராகின்றது. முதல், வழி, சார்பு என நூல்களை வகுத்த நம் முன்னோர் நூலுக்கு நூல் உள்ள உறவை இன்றியமையாச் செய்தியாகக் கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. களன் என்பதற்கு இடங்கூறும் முற்பகுதியை ஒருவாற்றான் ஒப்பிடலாம்.

ஒவ்வாதனவும் உள. பாயிரத்தில் முதற்கண் நிற்கும் ஆக்கியோன் பெயருக்கு இக்கோப்பின் அடிப்படை அமைப்பில் இடமில்லை. பயன்கொள்ளும் பொறிக்கு ஆக்கியோன் யாவன் என்பது வேண்டாத செய்தி. மறுதலையாக, பதிப்பு எண் பாயிரத்தில் இல்லை. நூல் ஒருமுறை யாக்கப்பட்டு அரங்கேறியபின் மாறாது நிற்பது என்னும் கருத்தில் எழுந்தது பாயிரம். நிரலகமோ மாதந்தோறும் மாறக்கூடியது. ஆதலின் 'இன்ன பதிப்பு முதல்' என வரையறுத்துக் கூறும் தேவை அதற்கு உண்டாயிற்று.

தேவை, அகத்தேவை என்னும் பாகுபாடு நுண்ணியது. ஒரு நிரலகத்தைப் பயன்கொள்வாரும் நேரே அறிய வேண்டிய பிற நிரலகங்கள் தேவை எனப்படும். அந்நிரலகம் தன்னுள்ளே மட்டும் பயன்கொள்வன அகத்தேவை எனப்படும். இயங்குங்கால் பிணையும் முறையில், அகத்தேவையைப் பிணைப்புக் கட்டளையில் கூற வேண்டுவதில்லை. அனைத்தையும் ஒரே கோப்பாக இறுகப் பிணைக்கும் முறையிலோ அதனையும் கூறல் வேண்டும். இவ்விரண்டையும் மயங்க வைத்தால், ஒரு முறையில் வேண்டாத சுமை ஏறும். மற்றொரு முறையில் பிணைப்பே நிகழாது.

4. ஆக்கும் முறை மூன்று

பாயிரத்தை யார் உரைத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு நன்னூலார் தெளிவான விடை தருகின்றார். நூல் செய்தான் தானே உரைத்தலாகாது. அவன் ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றோன், அவன் மாணாக்கன், உரைகாரன் என்னும் நால்வருள் ஒருவர் உரைத்தல் வேண்டும். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் பாயிரம் தந்தது இம்மரபிற்குச் சான்று. தற்புகழ்ச்சியை விலக்குதலே இதற்குக் கூறப்படும் காரணம். ஆயின், நூல் ஆக்கப்பட்ட சூழலை உடனிருந்து அறிந்தவன் கூற்றே சான்றாகும் என்னும் கருத்தும் இதனுள் அடங்கியுள்ளது என யாம் கருதுகின்றோம்.

நிரலக விவரக் கோப்பை ஆக்கும் முறைகள் மூன்று. முதலாவது, ஆக்கியோன் தானே கையால் எழுதி வைத்தல். இது எளிது, ஆயின் பிழைக்கு இடமாவது. நிரலகத்தின் பதிப்பு எண் மூலநிரலில் ஓரிடத்தும் விவரக் கோப்பில் ஓரிடத்தும் எழுதப்படும். புதிய பதிப்பு வெளியிடும் நாளில் ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தால், நிரலகம் ஒன்று சொல்ல விவரக் கோப்பு வேறொன்று சொல்லும். பயன்கொள்வார் கோப்பையே நம்புவராதலின், இல்லாத பணியை உண்டென்று நம்பி இடர்ப்படுவர்.

இரண்டாவது, படிவம் வைத்து நிரப்புதல். மாறாத சொற்களை எழுதி, மாறக்கூடிய இடங்களில் வெற்றிடக் குறிகளை இட்டு ஒரு படிவம் செய்து வைப்பர். ஆக்கக் கருவி தான் அறிந்த பதிப்பு எண், நிறுவிடம் ஆகியவற்றை அவ்வெற்றிடங்களில் இட்டு நிரப்பும். 'ஆட்டோகான்ப்', 'சீமேக்' ஆகியவற்றில் இம்முறை பெருவழக்கு. பதிப்பு எண்ணை ஓரிடத்தில் மட்டும் எழுதினாற் போதும் என்பது இதன் சிறப்பு. எனினும், எவ்வெந்நிரலகங்களைச் சார்ந்தது என்னும் செய்தி படிவத்தில் கையாலேயே எழுதப்படுவதுண்டு. புதிதாக ஒரு சார்பு சேர்ந்தால் படிவத்தையும் திருத்த வேண்டும். திருத்த மறப்பதும் உண்டு.

மூன்றாவது, ஆக்கத்திலிருந்தே வருவித்தல். மீசானில் நிரலகத்தை ஆக்கும் கட்டளையின் விளைவையே விவரக் கோப்பு ஆக்கும் கூற்றிடம் ஒப்படைக்கலாம். அந்நிரலகம் எவற்றோடு பிணைக்கப்பட்டது என்பதை ஆக்கக் கருவி தானே அறியுமாதலின், அவற்றை அகத்தேவையாகத் தானே எழுதிவிடும்; பதிப்பு எண்ணையும் திட்டத்தின் தலைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். படிவம் வேண்டுவதில்லை. உடனிருந்து கண்டான் கூற்றுக்கு ஒப்பானது இது.

ஆயினும் இம்மூன்றாம் முறையிலும் மனிதர் பணி முற்றும் நீங்குவதில்லை. நிரலகம் யாது பொருளது என்னும் விளக்கத்தைப் பொறி வருவிக்க இயலாது. மனிதரே எழுதித் தருதல் வேண்டும். அவ்வாறே, ஒரு சார்பு பயன்கொள்வார்க்கும் புலப்பட வேண்டிய தேவையா, உள்ளே அடங்கும் அகத்தேவையா என்று துணிவதும் ஆக்கியோன் கடனே. எதனோடு பிணைந்தது என்பதைக் கருவி அறியும். எக்கருத்தோடு பிணைத்தனர் என்பதை அறியாது. அறியத்தக்கதைக் கருவியிடமும், துணியத்தக்கதை மனிதரிடமும் விடுதலே நன்முறை.

இடம் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். நிரலகம் ஆக்கப்படும் இடம் ஒன்று. நிறுவப்பட்டு வழங்கும் இடம் மற்றொன்று. ஆக்குவான் கணினியில் உள்ள தற்காலிக இடத்தை விவரக் கோப்பு குறித்துவிடின், பிறர் கணினியில் அது பொய்யாகும். வழங்கும் இடத்தையே அது குறித்தல் வேண்டும். பாயிரம் கூறும் களன் என்பதும் நூல் அரங்கேறிய அவையைக் குறிக்குமேயன்றி, ஆசிரியன் இருந்து எழுதிய இல்லத்தைக் குறிப்பதன்று.

5. கோப்பு இல்வழி நேர்வது

படங்களை ஆக்கவும் திருத்தவும் உதவும் இமேஜ்மேஜிக் என்னும் செயலித்தொகுதி உலகெங்கும் வழங்குகின்றது. படத்தின்மேல் எழுத்துப் பொறிக்கவும் அது பயன்படும். தமிழ், அரபு முதலிய எழுத்துகளைச் செம்மையாகப் பொறிக்க அதற்கு 'ரக்ம்' என்னும் நிரலகம் வேண்டும். ரக்ம் என்பது ஹார்ப்பசையும் பிற சில நிரலகங்களையும் ஒருங்கிணைத்துத் தருவது. ஆயின் இமேஜ்மேஜிக்கிற்கு அது கட்டாயமன்று. கிடைத்தாற் சேர்த்துக்கொள்ளும், கிடைக்காவிடின் அஃதின்றியே ஆக்கப்படும்.

கிடைக்கின்றதா என்று அறிய, பேக்கேஜ்-கான்பிக் வழியாக ரக்மின் விவரக் கோப்பு தேடப்படுகின்றது. டெபியன் முதலிய லினக்ஸ் வழங்கல்களில் நிரலகம் ஒரு பொதியிலும், அதன் விவரக் கோப்பும் தலைக்கோப்புகளும் ஆக்குவோர்க்கெனப் பிரித்த வேறொரு பொதியிலும் வைக்கப்படுகின்றன. ஆகவே, நிரலகம் கணினியில் இருந்தும் விவரக் கோப்பு இன்மையான் இல்லை என்றே முடிவாகும். ஆக்கம் பிழை கூறாது நிறைவெய்தும். இறுதியில் வரும் நீண்ட பட்டியலில், வேண்டியது 'ஆம்' என்றும் கிடைத்தது 'இல்லை' என்றும் ஒரு வரி காணப்படும். அதனை நோக்குவார் சிலரே.

விளைவு யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சென்னையின் மேற்கே, மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் பேருந்து முனையம் அமைந்த ஊர் ஐயப்பன்தாங்கல். அதனையும் அண்டை ஊர்களையும் குறிக்கும் பெயர்ப்பலகைப் படங்களை இவ்வாறு ஆக்கப்பட்ட செயலியால் பொறிப்பதாகக் கொள்வோம். 'ஐயப்பன்தாங்கல்' என்பது பெரும்பாலும் பிழையின்றியே தோன்றும். அச்சொல்லில் கொம்பு பெறும் எழுத்தும் இல்லை, உகர ஊகார உயிர்மெய்யும் இல்லை. காலும் புள்ளியுமே உள. அவை சேமித்த வரிசையிலேயே நிற்பன. சோதிப்பவர் இப்பெயர் ஒன்றை மட்டும் இட்டுப் பார்ப்பாராயின், செயலி தமிழை நன்கு எழுதுகின்றது என்றே முடிவு செய்வர்.

அடுத்துள்ள போரூருக்கு வருங்கால் நிலை மாறும். பகரத்திற்கு முன் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னே போய் நிற்கும். 'ரூ' என்பது தனக்குரிய வடிவம் பெறாமல் ரகரமும் ஒரு தனிக்குறியுமாகப் பிரிந்து நிற்கும். 'கெருகம்பாக்கம்' என்பதில் ககரத்தின் கொம்பு அடுத்த ரகரத்தை ஒட்டி நிற்றலின் 'கரெ' எனப் படிக்க நேரும். 'மௌலிவாக்கம்' என்பதிலும் கொம்பு மகரத்தின் பின்னே விழும். இப்பிழைகள் எழுத்துருவின் குற்றம் என்றோ ஒருங்குறியின் குறைபாடு என்றோ பலராலும் கருதப்படுகின்றன. உண்மையில், ஆக்க வேளையில் ஒரு சிறு விவரக் கோப்பு கிடைக்காமையே இங்குக் காரணம்.

பாயிரமில்லாதது நூலன்று என்னும் கொள்கை பொறியுலகில் எழுத்துப் பிசகாமல் நிறைவேறுவதை இங்குக் காண்கின்றோம். புலவர் அவையில் பாயிரமில்லா நூலையும் ஒருவர் எடுத்துப் படித்து அதன் தகுதியை உணரக்கூடும். பொறியோ விவரக் கோப்பு இல்லாத நிரலகத்தை இல்லாததாகவே கொள்ளும்.

இதற்குத் தீர்வு, தமிழுக்கு வேண்டிய சார்பைக் கட்டாயம் என்று குறித்தலே. மீசானில் ஒரு சார்பைக் கூறினால் அது கட்டாயம் என்பதே இயல்புநிலை. கிடைக்காவிடின் ஆக்கம் நின்றுவிடும். நின்றுவிடும் ஆக்கம் உடனே திருத்தப்படும். பிழையோடு நிறைவெய்திய ஆக்கமோ பல்லாண்டுகள் வழங்கிவிடும்.

6. ஒன்றற்கொன்று வழியாதல்

சார்பு கூறுவதில் எழும் ஓர் அரிய சிக்கலையும் சுட்டுதல் தகும். எழுத்துருவைப் படித்து வரைந்து தரும் பிரீடைப் என்னும் நிரலகம், எழுத்துகளைத் தானே செப்பமிடும் பணியில் ஹார்ப்பசின் துணையைக் கொள்வதுண்டு. ஹார்ப்பசும் பிரீடைப்பின் துணையைக் கொள்வதுண்டு. இரு நூல்கள் ஒன்றற்கொன்று வழிநூலாயின் எதனை முன்வைப்பது? இதற்கு ஆக்குவோர் கண்ட வழி, முதலில் ஹார்ப்பசின்றிப் பிரீடைப்பை ஆக்குதல், அதனைக்கொண்டு ஹார்ப்பசை ஆக்குதல், பின்னர் ஹார்ப்பசோடு பிரீடைப்பை மீண்டும் ஆக்குதல் என்பது. மூன்றாம் படியில் விவரக் கோப்பும் புதிதாக ஆக்கப்படல் வேண்டும். முதற்படியில் பிறந்த கோப்பையே வைத்துக்கொண்டால், சார்பில்லை என்று அது கூறும், நிரலகமோ சார்புடையதாகிவிட்டிருக்கும். பொருள் மாறுந்தோறும் விவரமும் உடன் மாறல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

7. மின்பதிப்பாளர்க்கு

மேற்கூறிய நெறி நிரலகத்திற்கே உரியதன்று. ஏட்டிற்கும் மின்னூலிற்கும் ஒக்கும். ஏடெழுதுவோர் இறுதியில் எழுதி முடித்த ஆண்டும் நாளும் குறிப்பது வழக்கம். படியெடுப்போர் மூல ஏட்டின் அக்குறிப்பையும் உடன் படியெடுத்துவிட்டால், படியின் காலம் மூலத்தின் காலமாக மயங்கும். குறிப்பு பொய்யன்று, பிறிதொரு பொருளைப் பற்றிய உண்மை இப்பொருளின்மேல் ஏற்றப்பட்டுவிடுகின்றது.

மின்னூல்களிலும் இதுவே நிகழக்கூடும். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத்திட்டம் தன் மின்னூல்களை முதலில் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது. ஒவ்வொன்றன் முகப்பிலும் நூற்பெயர், ஆசிரியர் பெயர், குறியாக்கம், உள்ளிட்டோர், பிழைதிருத்தினோர் முதலிய விவரங்களைத் தரும் நல்வழக்கை அத்திட்டம் மேற்கொண்டது. இவ்விவரங்களின் அருமை, இவையின்றி இணையத்தில் உலவும் பாடங்களைக் காண்பார்க்கு நன்கு விளங்கும். இத்தகைய கோப்பொன்றைப் பிறரொருவர் வேறு குறியாக்கத்திற்கு மாற்றுங்கால், உடலை மட்டும் மாற்றி முகப்பைப் பழையபடியே விட்டால், கொம்பு முன்னிற்கும் பாடமா பின்னிற்கும் பாடமா என்பதிலேயே மயக்கம் உண்டாகும். மாற்றும் கருவியே முகப்பையும் புதுக்கித் தருமாயின் இம்மயக்கத்திற்கு இடமில்லை.

இன்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் சொல்லடைவு, தொடரடைவு, மின்பதிப்பு ஆகியவற்றை மாணவர் பலர் ஆக்கி வருகின்றனர். எப்பதிப்பை மூலமாகக் கொண்டனர், எந்நாளில் எடுத்தனர், எத்திருத்தங்களைச் செய்தனர் என்பனவற்றை இறுதியில் நினைவிலிருந்து எழுதும் வழக்கத்தை விடுத்து, ஆக்கும் வேளையிலேயே ஓரிடத்தில் பதிந்து, ஏனைய இடங்களுக்கு அதிலிருந்தே வருவித்தல் வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். நிரலக விவரக் கோப்பு பாயிரத்தைப் போலப் பொருளை அறிமுகம் செய்வது. ஆயின் அறிமுகத்தோடு அமையாது, பொருள் ஏற்கப்படுமா விலக்கப்படுமா என்பதையே முடிவு செய்வது. அதன் செய்திகள் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் மட்டும் எழுதப்படல் வேண்டும்; எழுதக்கூடியவற்றையெல்லாம் ஆக்கக் கருவியே ஆக்கத்திலிருந்து வருவித்தல் வேண்டும்; விளக்கமும் துணிபும் மனிதர் தருதல் வேண்டும். தமிழுக்கு இன்றியமையாத சார்புகள் கட்டாயமாகக் குறிக்கப்படல் வேண்டும். ஆக்கியபின் சோதிக்குங்கால், கொம்பும் உகர ஊகாரங்களும் வரும் சொற்களை இட்டுச் சோதித்தல் வேண்டும்.

சொல்லடைவில் ஓரெழுத்துத் தவறினும் பொறாத நாம், அவ்வெழுத்தைத் திரையில் நிறுத்தும் கருவியின் பாயிரத்தை நோக்காது விடுதல் முறையன்று. நிரலகங்களை ஆக்குவோர் பெரும்பாலும் தமிழறியாதவர். எவ்வெழுத்து எங்கு நிற்றல் வேண்டும் என்பதை அவர்க்கு எடுத்துரைக்க வல்லவர் தமிழ் கற்றவரே. எழுத்ததிகாரம் கற்றார்க்கு இதுவும் ஒரு கடமையாம்.